தவறு எங்களுடையதாயின், முதலில் சொல்ல வேண்டியவர்களும் நாங்களே

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு மருந்துச் சீட்டு இருக்கும். அதில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே 1-0-1 என்றோ 0-0-1 என்றோ மூன்று எண்கள் எழுதப்பட்டிருக்கும். காலை, மதியம், இரவு என்பதைக் குறிக்கும் அவ்வெண்களை நம் மக்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கூட அவற்றை அறிவர். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன் அந்த மூன்று எண்களில் நான் ஒரு பிழை செய்தேன். அப்பிழையைப் பற்றியும், அதற்குப்பின் இரண்டு நாள் நான் காத்த மௌனத்தைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். இரண்டில் எது பெரிய தவறு என்று கேட்டால், மௌனம்தான் என்பேன்.

அப்போது நான் வேறொரு மருத்துவமனையில் பணியாற்றினேன். நோயாளியை எவரும் அடையாளம் காணாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், பிழையை மாற்றவில்லை.

கைவிரல் மூட்டுகளில் முடக்குவாதத்தால் நெடுநாள் அவதியுற்ற, அறுபதை நெருங்கிய ஓர் அம்மையாருக்கு மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரையைத் தொடங்கினேன். முடக்குவாதத்துக்கு உலகெங்கும் முதன்மையாகத் தரப்படும் நல்ல மருந்து அது. ஆனால் மற்ற மாத்திரைகளுக்கு இல்லாத ஓர் இயல்பு அதற்கு உண்டு. வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டுமே அதை உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாவது தடைப்படும். வாயிலும் குடலிலும் புண்கள் தோன்றும். உயிருக்கே ஆபத்து நேரலாம். அதற்குத் துணையாக ஃபோலிக் அமில மாத்திரையும் தருவோம். இரண்டும் சிறிய மாத்திரைகள். பெரும்பாலும் இரண்டும் மஞ்சள் நிறம்.

அம்மையார் வீடு திரும்பிய நாளன்று பயிற்சி மருத்துவர் சீட்டை எழுதினார். மெத்தோட்ரெக்சேட்டுக்கு எதிரே 0-0-1 என்று எழுதினார். ‘வாரம் ஒருமுறை’ என்ற இரண்டு சொற்கள் விடுபட்டன. அன்று காலை என் மேசையில் பத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் கையொப்பத்துக்குக் காத்திருந்தன. மருந்தின் பெயரையும் அளவையும் பார்த்தேன், எண்களைப் பார்க்கவில்லை. கையொப்பமிட்டேன். மருந்தகத்திலும் சீட்டில் கண்டபடியே பதினைந்து நாளைக்குப் பதினைந்து மாத்திரைகளை எண்ணிக் கொடுத்துவிட்டார்கள்.

அக்குடும்பத்தார் சீட்டில் எழுதியதை ஒரு வேளைகூடத் தவறாமல் செய்தார்கள். ஒன்பதாம் நாள் அம்மையாரை அழைத்துவந்தபோது அவரால் எச்சிலைக்கூட விழுங்க இயலவில்லை. உதடுகளும் நாவும் வெந்து உரிந்திருந்தன, காய்ச்சல் அடித்தது. நாலாயிரத்துக்குக் குறையாதிருக்க வேண்டிய வெள்ளணுக்கள் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தன. மகன் நீட்டிய சீட்டை வாங்கிப் பார்த்த கணமே எனக்கு விளங்கிவிட்டது. என் கையொப்பம் அடியில் இருந்தது.

உரிய சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்கினோம். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி, அதன் நச்சுத்தன்மையைத் தணிக்கும் ஃபோலினிக் அமிலத்தை ஊசி வழியே கொடுத்தோம். கிருமித்தொற்றுக்கான மருந்துகளையும் கொடுத்தோம். அதில் ஒரு நிமிடமும் வீணாகவில்லை. ஆனால் மகன் வெளியே வந்து, “அம்மாவுக்கு என்னாச்சு டாக்டர்?” என்று கேட்டபோது நான் சொன்ன விடை இதுதான்: “மருந்தோட பக்கவிளைவு. சிலருக்கு இப்படி ஆகும்.”

இவ்விடையை அன்றிரவு எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மூத்த மருத்துவர் ஒருவர். “அது பொய்யில்லையே” என்றார் அவர். உண்மைதான், ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வாய்ப்புண் மெத்தோட்ரெக்சேட்டின் பக்கவிளைவுதான். சிலருக்கு அவ்வாறு ஆவதும் உண்டு. எல்லாச் சொற்களும் மெய்யாக இருக்க, வாக்கியம் மட்டும் பொய்யாகிவிட்டது. மருத்துவமனைகளில் பொய் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் பேசப்படுகிறது. நேரடியாகப் பொய் சொல்லும் மருத்துவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ‘சிக்கல் ஏற்பட்டுவிட்டது’, ‘உடல் ஏற்றுக்கொள்ளவில்லை’ என்று எழுவாய் இல்லாமல் பேசும் மருத்துவர்களை நாள்தோறும் காண்கிறேன். நம் மொழியும் இதற்கு இடங்கொடுக்கிறது. ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்றால் மழை பெய்ததைப் போல அது தானாக நேர்ந்ததாகிவிடும். ‘தவறு செய்துவிட்டேன்’ என்பதற்கோ ஓர் ஆள் தேவைப்படுகிறார்.

மூன்றாம் நாள் காலை வார்டுச் செவிலியர் என்னைத் தனியே அழைத்தார். “சார், அந்த மருமகப் பொண்ணு ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல” என்றார். மாமியாருக்கு மாத்திரைகளைப் பிரித்துக் கொடுத்து வந்தவர் அந்த மருமகள். மஞ்சள் மாத்திரைகள் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று வீட்டார் முடிவு செய்துவிட்டனர். கணவர் நடைபாதையில் எல்லோர் முன்னிலையிலும் அவரைத் திட்டியிருக்கிறார். ஊரிலிருந்து வந்த உறவினர்கள் அதைவிடக் கடுமையாகப் பேசியிருக்கிறார்கள். ‘சிலருக்கு இப்படி ஆகும்’ என்ற என் விடை அவர்களுக்குப் போதவில்லை. போதுமான விடை கிடைக்காத இடத்தில் அவர்கள் தாமே ஒரு விடையை உண்டாக்கிக்கொண்டார்கள். எல்லாவற்றிலும் கொடியது, அந்தப் பெண்ணே அதை நம்பிவிட்டார் என்பதுதான்.

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் ஒரே செய்தி இதில் அடங்கியிருக்கிறது. மருத்துவமனை மறைக்கும் தவறு காணாமல் போய்விடுவதில்லை. அது வேறொருவர் தோளில் ஏறிக்கொள்கிறது. அத்தோள் பெரும்பாலும் வீட்டில் மருந்து கொடுத்த, கஞ்சி காய்ச்சிய, இரவில் விழித்திருந்த ஒருவருடையது. ‘நான்தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை’, ‘ஒரு நாள் முன்னதாக அழைத்து வந்திருக்கலாம்’ என்று ஆண்டுக்கணக்கில் தம்மையே நொந்துகொள்ளும் மனைவியரையும் மக்களையும் வெளிநோயாளர் பிரிவில் சந்திக்கிறேன். அவர்களுள் எத்தனை பேர் எங்களுடைய தவறைத் தம் தலைமேல் சுமக்கின்றனரோ என்ற கேள்வி அன்றுமுதல் என்னை விட்டு அகன்றதில்லை.

அன்று பிற்பகல் மகன்கள் இருவர், மருமகள், அம்மையாரின் தம்பி ஆகிய நால்வரையும் ஓர் அறையில் அமரவைத்து, சீட்டை மேசைமேல் வைத்தேன். “இந்த மருந்தை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிடணும். தினமும்னு எழுதினது நாங்க. கையெழுத்துப் போட்டது நான். நீங்க எழுதினபடிதான் குடுத்திருக்கீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா” என்று மருமகளைப் பார்த்துச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். முன்பே ஒத்திகை பார்த்துச் சென்றிருந்தும் குரல் நடுங்கியது.

அதன்பின் எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அவ்வாறு நிகழவில்லை. மூத்த மகன் எழுந்து நின்று உரத்த குரலில் பேசினார். “ரெண்டு நாளா ஏன் சொல்லல?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிழை நேர்ந்ததைவிட அந்த இரண்டு நாள்தான் அவரைச் சுட்டது. என்னிடம் அதற்கு விடை இல்லை, ‘பயந்துவிட்டேன்’ என்றேன். மருமகள் ஒரு சொல்லும் பேசவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் அழுதார். அம்மையார் இரண்டு வாரத்தில் தேறினார். இரண்டாம் முறை தங்கியதற்கான செலவை மருத்துவமனை ஏற்றுக்கொண்டது. அதற்கு நிர்வாகத்தோடு நான் இரண்டு முறை வாதாட வேண்டியிருந்தது. வழக்கு எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் சொன்னதற்காக வருந்தியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். எனினும் அதை இன்று சொல்வது எளிது.

மருத்துவர்கள் அஞ்சுவது வீண் அச்சம் என்று நான் சொல்லமாட்டேன். கட்டணம் பெற்றுத் தரப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அதன்பின் ‘மன்னிப்புக் கேட்டால் அதுவே சாட்சியாகிவிடும்’ என்ற அறிவுரை மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மன்னிப்புக் கேட்பது மட்டுமே அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாகாது என்று வெளிப்படையாகக் கூறுகிறது. அங்கே 2014 முதல் அரசு மருத்துவ அமைப்புகள் கடுமையான பாதிப்பு ஏற்படுத்திய தவறுகளை நோயாளிக்குத் தாமே தெரிவித்து வருத்தம் தெரிவிப்பது சட்டப்படியான கடமையும் ஆகிவிட்டது. அத்தகைய காப்பும் கடமையும் நமக்கும் வேண்டும் என்பது என் கருத்து. ஆயினும் நம் சட்டம் மருத்துவரைக் கைவிட்டுவிடவில்லை. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, கணிப்பில் நேரும் சாதாரணப் பிழையைக் குற்றவியல் அலட்சியத்திலிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்டியது. மிகக் கடுமையான அலட்சியம் இருந்தாலன்றி மருத்துவரைக் குற்றவாளியாக்க இயலாது என்றது.

இன்னோர் அச்சமும் உண்டு. அதை இம்மடலில் மறைப்பது நேர்மையாகாது. கண்ணாடிகள் உடைந்ததையும், இளம் மருத்துவர்கள் தாக்கப்பட்டதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச்சட்டம் இயற்ற வேண்டிய நிலை வந்தது. ஒரு மருத்துவர் தனியே சென்று உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூத்தவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். மருத்துவமனை அவர் பின்னால் நிற்க வேண்டும். ஆனால் என் அனுபவத்தில், கைகலப்பு மூண்ட இடங்கள் பெரும்பாலும் எவரும் வந்து எதுவும் சொல்லாத இடங்களே. மணிக்கணக்கில் ஐ.சி.யூ. வாசலில் நிற்கவைக்கப்பட்டு, கேட்டபோதெல்லாம் ‘டாக்டர் வருவார்’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கோபத்தை நான் நியாயப்படுத்தவில்லை. அது எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறிவேன்.

உண்மையைச் சொன்னால் மருத்துவமனை அழிந்துவிடாது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்று உண்டு. இரண்டு வழக்குகளில் பெருந்தொகையை இழந்தபின், அம்மருத்துவமனை 1987இல் வழக்கத்துக்கு மாறான ஒரு முடிவெடுத்தது. தவறு தங்களுடையது என்று தெரிந்தால், குடும்பத்தினர் அதை அறியாதிருந்தாலும், தாமே அழைத்துச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, இழப்பீடும் கொடுப்பது என்பது அம்முடிவு. பல ஆண்டு அனுபவத்தை 1999இல் அவர்கள் வெளியிட்டபோது, அவர்கள் கொடுத்த இழப்பீட்டுத் தொகை அதே அமைப்பைச் சேர்ந்த பிற மருத்துவமனைகளோடு ஒப்பிடுகையில் மிதமாகவே இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையும் பின்னர் இவ்வழியைப் பின்பற்றியது. அங்கே ஒரு லட்சம் நோயாளர் வருகைகளுக்கு மாதம் 2.13 என்றிருந்த வழக்குகளின் வீதம் 0.75 ஆகக் குறைந்தது என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அக்காலத்தின் பிற்பகுதியில் மாநிலம் முழுவதுமே வழக்குகள் குறைந்துவந்தன என்பதை ஆய்வாளர்களே குறிப்பிட்டிருப்பதால், குறைவு முழுவதையும் உண்மை பேசியதன் பயன் என்று நான் கூறமாட்டேன். ஆனால் வெள்ளம்போல் வழக்குகள் பெருகும் என்று எச்சரித்தவர்கள் சொன்னது நடக்கவில்லை.

மருத்துவர்மீது வழக்குத் தொடுத்த நோயாளர்களையும் உறவினர்களையும் பிரிட்டனில் நேரில் விசாரித்து 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 227 பேரிடம் கேட்டார்கள். பணம் வேண்டும் என்றவர்கள் இருந்தனர். ஆனால் என்ன நடந்தது என்று யாராவது விளக்க வேண்டும், இனி எவருக்கும் இவ்வாறு நேரக்கூடாது என்ற வேட்கையும் அவர்களிடம் அழுத்தமாக வெளிப்பட்டது. “ரெண்டு நாளா ஏன் சொல்லல?” என்று கேட்ட அந்த மகனை இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

எல்லாத் துன்ப முடிவுகளும் தவறுகள் அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். எல்லாம் முறைப்படி செய்தும் புண் ஆறாமற்போவதுண்டு. நோய் மருந்தை மீறுவதுண்டு. அத்தருணங்களில் ‘தவறு இல்லை’ என்று நாங்கள் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். தவறு நேர்ந்தபோது ஒப்புக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு இருந்தால்தானே அந்த நம்பிக்கையை உங்களிடம் கேட்கும் உரிமை எங்களுக்கு வரும்?

உங்கள் வீட்டாருக்கு எதிர்பாராத ஒன்று நேர்ந்து, விளக்கம் மழுப்பலாக இருப்பதாகத் தோன்றினால், தயங்காமல் கேளுங்கள். ‘இது நோயால் வந்ததா, சிகிச்சையால் வந்ததா? சிகிச்சையால் என்றால், செய்ய வேண்டியதைச் செய்தும் வந்ததா, செய்யாததால் வந்ததா?’ என்று இதே வரிசையில் கேளுங்கள். பொறுப்பு மருத்துவரையே கேளுங்கள். பணியில் இருக்கும் செவிலியரிடமும் பயிற்சி மருத்துவரிடமும் கோபித்துப் பயனில்லை, விடை சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. சிகிச்சைக் குறிப்புகளின் நகலையும் எழுத்து மூலம் கேட்கலாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நெறிமுறைகள் கூறுகின்றன. நகல் கேட்பது மருத்துவரைப் பகைத்துக்கொள்வதாகாது. அவ்வாறு எண்ணும் மருத்துவர்கள் சிலர் உள்ளனர். அது அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்று.

நம் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இம்மடலிலேயே அதைச் சொல்ல இடமளித்தமைக்கு நன்றி. மருத்துவமனைகளில் இறப்புகளையும் சிக்கல்களையும் ஆராயும் கூட்டங்கள் மூடிய அறையில் நடைபெறுகின்றன. அங்கே மருத்துவர்கள் வியக்கத்தக்க நேர்மையோடு பேசுவதை எங்கும் கண்டிருக்கிறேன்: ‘இதை நான் கவனித்திருக்க வேண்டும்’, ‘ஸ்கேனை ஆறு மணி நேரம் முன்பே எடுத்திருக்கலாம்’. அந்நேர்மை கதவைத் தாண்டுவதில்லை. அக்கூட்டத்தில் தவறு என்று முடிவானது எதுவோ, அது குறிப்பிட்ட நாளுக்குள் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லப்பட வேண்டும். சொன்னவர் யார், என்று சொன்னார் என்பது குறிப்பேட்டில் பதியப்பட வேண்டும். தவறால் விளைந்த கூடுதல் சிகிச்சைக்குக் கட்டணம் வசூலிக்கக் கூடாது. இதை எழுத்து மூலமான விதியாக்க வேண்டுகிறேன். ஒவ்வொரு மருத்துவரின் துணிவையும் நம்பியிருக்கும் ஏற்பாடு நிலைக்காது. எனக்கே அது மூன்றாம் நாள்தான் வந்தது, அதுவும் ஒரு செவிலியர் சொன்னபின்.

அந்த அம்மையார் அதன்பின் மூன்றாண்டுகள் என்னிடம் வந்தார். ஒவ்வொரு முறையும் மருமகளே அழைத்து வந்தார். சீட்டை வாங்கியதும் அவர் அதை எனக்கு எதிரிலேயே வரிவரியாக வாய்விட்டுப் படிப்பார். படித்து முடிக்கும்வரை நான் அடுத்த நோயாளியை அழைப்பதில்லை.

இறுதியாக ஒன்று. முடக்குவாதத்துக்கோ சொரியாசிஸ் நோய்க்கோ மெத்தோட்ரெக்சேட் உட்கொள்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே அவருடைய சீட்டை எடுத்துப் பாருங்கள். எந்தக் கிழமை என்பது முழுச் சொல்லாக, தமிழிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் திங்கட்கிழமையைக் குறிக்கும் சொல்லைக் ‘காலை’ என்று படித்துவிட்டதாலும் இப்பிழை நேர்ந்திருக்கிறது. ஆகவே புதன் அல்லது வெள்ளி என்று வைத்துக்கொள்வது நல்லது. கிழமை எழுதப்படாமல் மூன்று எண்கள் மட்டும் இருந்தால், அடுத்த மாத்திரையைக் கொடுக்கும் முன் எங்களைக் கேளுங்கள்.